துண்டு போட்டு மூடிய கால்

பாடாலூரில் பஸ் நின்றதும் வெற்றிச்செல்வி கைக்குழந்தையோடு முன்படியில் ஏறினாள். அவள் புருஷன் அறிவரசன் பின்படியில் ஏறி, கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்னால் அவள் பக்கத்திலேயே இடம் காலியாக இருந்தது. அவன் போகவில்லை. பார்க்கிறவர்களுக்கு அவர்கள் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அவனுடைய ஏற்பாடு.

குழந்தைக்குப் பெயர் அல்லி. பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பிறக்கும்போதே அவளுடைய வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. வளைபாதம் என்பார்கள். அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் இதற்கென்றே குழந்தைகளைப் பார்த்தார்கள். பாதத்தைக் கையால் கொஞ்சமாகத் திருப்பி, திருப்பிய நிலையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்புவார்கள். அடுத்த வாரம் கட்டைப் பிரித்து இன்னும் கொஞ்சம் திருப்புவார்கள். தொடையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருந்த அந்தக் கட்டை, பங்குனி வெயிலிலும் ஒரு பெரிய பூத்துண்டால் மூடி வைத்திருந்தாள் வெற்றிச்செல்வி. மூடச் சொன்னது அறிவரசன்.

இந்த வைத்தியத்தைப் பெரம்பலூரிலேயே பார்த்திருக்கலாம். ஒரே பஸ். மாறவே வேண்டாம்.

“அரியலூர்ல இருக்குற டாக்டரம்மா கைராசிக்காரங்களாம்” என்றான் அறிவரசன்.

கைராசி என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு வெற்றிச்செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ராசி, நட்சத்திரம், நல்ல நேரம் என்று யாராவது பேச்செடுத்தால் சண்டைக்குப் போகிற மனிதன் அவன். அரியலூருக்கு உண்மையான காரணம் அவளுக்கும் தெரியும். பெரம்பலூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் “தோழர்” என்று ஒருவராவது கூப்பிடுவார்கள். அரியலூரில் அவனை யாருக்கும் தெரியாது.

அறிவரசனின் அப்பா தர்மன் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். ரோட்டோர டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் இருந்தது. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தக் கடைக்கு நேர் எதிரே, நாலுவழிச் சாலைக்கு இந்தப் பக்கம், இன்று அறிவரசன் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். பத்தாவதோடு படிப்பை விட்டு, லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றி, டயர் வேலை கற்றுக்கொண்டு வந்தவன். லாரியில் போன இடமெல்லாம் கையில் கிடைத்ததைப் படித்தான். படித்ததைப் பேசினான். பேசப் பேச நாக்கு தீட்டிய கத்தியானது. சாமியாடிகளையும் சோதிடர்களையும் அவன் மேடையில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் வரவில்லை. ‘ஒரு மனுசன் குனிஞ்சு டம்ளரக் கழுவணும்னு எந்தக் கிரகம் சொல்லுச்சு?’ என்று அவன் கேட்டால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். அது நியாயமான கைதட்டல். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அவனுடைய பேச்சிலெல்லாம் பேர் போனது கிரகணப் பேச்சு. அல்லி வயிற்றில் இருந்தபோது, தீபாவளிக்கு மறுநாள் சாயந்தரம் சூரிய கிரகணம் வந்தது. கோயில்கள் நடையைச் சாத்தின. கர்ப்பிணிகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினார்கள். கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு கிழியும், காலை மடக்கி உட்கார்ந்தால் பிள்ளையின் கால் மடங்கும் என்பது இங்கே வாய்வழியாக வரும் சட்டம். நிலா சூரியனுக்குக் குறுக்கே போவதற்கும் பாடாலூரில் ஒரு பெண் வெங்காயம் நறுக்குவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பெரியவர்கள் சொன்னார்கள் என்பார்கள். கோளாறு எதுவானாலும் குற்றவாளி தாய்தான். இந்தச் சட்டத்தில் அப்பன் பெயர் எங்கேயும் வராது.

அன்றைக்கு அறிவரசன் பஞ்சர் கடை வாசலில் பெஞ்சு போட்டு எல்லோருக்கும் வடையும் டீயும் கொடுத்தான். நடுவில் நாற்காலி போட்டு, ஐந்து மாத வயிற்றோடு இருந்த வெற்றிச்செல்வியை உட்கார வைத்தான். கையில் கத்தி. மடியில் முறம். முறம் நிறையச் சின்ன வெங்காயம். மேற்கே சூரியனின் ஓரத்தை யாரோ கடித்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே நறுக்கினாள். அந்தப் படம் அன்று இரவே மாவட்டம் முழுக்கக் கைபேசிகளில் சுற்றியது.

எதிர்க் கடைச் செல்லப்பன் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே கூவினார்: “அறிவு, உன் கொள்கைய உன் வயித்துல வச்சுக்க. அந்தப் புள்ள வயித்துல ஏன்டா வைக்கிற?”

“பொறக்கட்டும்ணே, உங்க கடைக்கே தூக்கிட்டு வந்து காட்டுறேன்” என்றான் அறிவரசன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, ரோட்டைத் தாண்டி வந்து செல்லப்பன் கேட்டார்:

“பொட்டப்புள்ளயாமே. கை காலெல்லாம் நல்லாருக்கா?”

சாதாரணமாகப் பிள்ளை பெற்ற வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ‘ஒரு பாதம் வளைஞ்சிருக்குண்ணே, கட்டுப் போட்டா சரியாயிடும்’ என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். அறிவரசனின் கண்ணுக்கு முன்னால் அந்த முறமும் வெங்காயமும் வந்தன.

“எல்லாம் நல்லாருக்குண்ணே.”

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் பிறகு எல்லாம் செய்தான்.

“எதுக்குங்க பொய்?” என்று வெற்றிச்செல்வி அன்றைக்கே கேட்டாள்.

“உனக்குப் புரியாது செல்வி. இது நம்ம வூட்டு விசயம் மட்டும் இல்ல. தெரிஞ்சா, கிரகணத்துல சாப்புட்டவன் புள்ளயப் பாத்தியான்னு ஊரே பேசும். நாளைக்கு ஒரு கர்ப்பிணி வெளிய வர மாட்டா. பத்து வருசமாப் பேசுனதெல்லாம் பாழாயிடும். கட்டுப் போட்டு சரியானப்புறம் நானே மேடையில சொல்றேன்.”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மறைத்து வைத்தால்தான் பிழைக்கும் என்றால் அது எப்படி உண்மையாக இருக்கும் என்ற கேள்வியை, ஊரையெல்லாம் கேள்வி கேட்டவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கப் பயந்தான். ஏனென்றால் அடிமனத்தில், மற்ற யாருக்கும் தெரியாத இடத்தில், வேறொரு கேள்வி புழு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. ஒருவேளை அந்த வெங்காயத்தால்தானோ?

இந்த எண்ணம் வந்த முதல் இரவில் அவன் எழுந்து வாசலில் போய் உட்கார்ந்தான். தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அரியலூர் பஸ்ஸுக்கு நடக்கும்போதும் அவன் நாலடி முன்னால் போவான். வெற்றிச்செல்வி குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். மூன்றாவது வாரம் அப்படிப் போகும்போது எதிரே மணிவண்ணன் வந்தார். பகுத்தறிவு இயக்கத்தில் மூத்தவர். கூட்டங்களை ஏற்பாடு செய்கிறவர்.

“தோழர்! கடைய விட்டுட்டு எங்க இந்தப் பக்கம்?”

“ஒரு வேலையா அரியலூர் வரைக்கும் தோழர்.”

“வூட்டுல சுகமா? நம்ம கிரகண வீராங்கன எப்படி இருக்கா?”

“நல்லாருக்கா தோழர். ரெண்டு பேருமே நல்லாருக்காங்க.”

வெற்றிச்செல்வி சற்றுத் தள்ளி, பழக்கடை ஓரத்தில் நின்றாள். மணிவண்ணன் அவளை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். இப்போது அடையாளம் தெரியவில்லை. அறிவரசன் அடையாளம் காட்டவும் இல்லை.

“பூலாம்பாடியில அடுத்த வாரம் கூட்டம். மூடநம்பிக்கையப் பத்தி நீங்கதான் பேசணும். உங்க வூட்டுக் கதையவே சொல்லுங்க. உயிருள்ள ஆதாரம் தோழர் அது!”

“வந்துடுறேன் தோழர்.”

அவர் போன பிறகு அறிவரசன் திரும்பிப் பார்த்தான். துண்டு நழுவியிருந்தது. வெள்ளைக் கட்டுக்கு வெளியே ஐந்து சின்ன விரல்கள் தெரிந்தன. வெற்றிச்செல்வி துண்டை இழுத்து மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன்தான் போய் மூடினான்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள் ஆர்த்தி. உடையார்பாளையத்துப் பெண். அவள் பையனுக்கு இரண்டு பாதமும் வளைந்திருந்தன. புருஷன் ஒருநாளும் கூட வந்ததில்லை. கலகலவென்று பேசுவாள். நாலாவது வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

“கிரகணத்தன்னிக்கு எங்க மாமியா என்னய இருட்டு ரூமுல போட்டுப் பூட்டிடுச்சுக்கா. சன்னலுக்கெல்லாம் சாக்கு. ஒண்ணுக்கு வந்தாக்கூட அடக்கிக்கன்னுச்சு. தலமுடியிலேருந்து ஊக்கக்கூடக் கழட்டிருச்சுன்னா பாத்துக்கங்க. அப்பிடிப் படுத்திருந்தும் இவனுக்கு ரெண்டு காலும் இப்பிடி.”

“இப்ப என்ன சொல்லுறாங்க உங்க மாமியா?” என்றாள் வெற்றிச்செல்வி.

“ஓட்டுல ஒரு ஓட்ட இருந்திருக்கு, அது வழியாத்தான் வந்துருச்சுங்குது. இப்ப ஓட்ட மாத்திட்டாங்க. என்னயத்தான் இன்னும் மாத்தல.”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சுவரோரம் நின்றிருந்த அறிவரசனுக்கு மனசு ஜிவ்வென்று எழும்பியது. பூட்டி வைத்தவளுக்கும் இதே! அப்படியானால் வெங்காயம் இல்லை. அவனை விடுதலை செய்து தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. அவனுக்கே தெரியாமல் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. உடனே ஆர்த்தி மடியில் கிடந்த பையனின் இரண்டு கட்டுக் கால்களையும் பார்த்தான். இந்தப் பிள்ளையின் கால்களைப் பார்த்தா நான் சிரிக்கிறேன் என்று தோன்றியது. டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

அந்த வெட்கம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பூலாம்பாடிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்ததும் அவன் ஆளே வேறாகிவிட்டான்.

“உடையார்பாளையம் பக்கம் ஒரு தங்கச்சி! கிரகணத்துல இருட்டறையில பூட்டி வச்சாங்க. ஊக்கக்கூட விட்டு வைக்கல. அந்தத் தங்கச்சிக்குப் பொறந்த புள்ளைக்கு ரெண்டு பாதமும் வளைவு! என் மனைவி நடுரோட்டுல உக்காந்து வெங்காயம் நறுக்குனா. என் மக எப்படி இருக்கா?” என்று நிறுத்தினான்.

பதிலை அவன் சொல்லவில்லை. கூட்டமே சொல்லிக்கொண்டது. கைதட்டல் சந்தைத் திடலைத் தாண்டிக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது வெற்றிச்செல்வி கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தை யாரோ நேரலையாகப் போட்டிருக்கிறார்கள்.

“ஆர்த்திகிட்ட கேட்டீங்களா?” என்றாள்.

“என்னத்த?”

“அவ புள்ளயப் பத்திப் பேசலாமான்னு.”

பேர் சொல்லவில்லையே என்றான் அவன். அவள் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால்கூட அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பாதம் நன்றாகத் திரும்பி வந்தது. டயர் ரிம்மைச் சுத்தியால் அடித்து நிமிர்த்துகிறவனுக்கு, அடிக்காமல், அழ வைக்காமல், வாரத்துக்குக் கொஞ்சமாக நிமிர்த்தும் அந்த டாக்டரம்மாவின் கை வியப்பாக இருந்தது. கடைசியில் குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாரை ஓர் ஊசிமுனை அகலத்துக்கு வெட்டிவிட்டு, இன்னொரு கட்டுப் போட்டு, அதையும் பிரித்தார்கள். பிரித்த அன்று அல்லியின் இரண்டு பாதங்களும் ஒன்று போலவே இருந்தன.

“இனிமேதான் வேலையே” என்றார் டாக்டரம்மா. இரண்டு குட்டி ஷூக்களை எடுத்துக் காட்டினார். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. பாதங்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி விலகி நிற்கும். “மூணு மாசத்துக்கு ராவும் பகலும் போட்டிருக்கணும். குளிப்பாட்டும்போது மட்டும்தான் கழட்டணும். அப்புறம் நாலு வயசு வரைக்கும் தூங்கும்போது போடணும். போடலன்னா பழையபடி திரும்பிடும்.”

மாவுக்கட்டைத் துண்டால் மூடலாம். கம்பி வைத்த ஷூவை எதை வைத்து மூடுவது? எந்தத் துணியைப் போட்டாலும் நடுவில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் தண்ணீர் கேட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். காலனிப் பெண்கள் குழந்தையைத் தூக்க வருவார்கள். செல்லப்பன் டீயோடு வருவார். ஆள் அரவம் கேட்டதும் அறிவரசன் ஓடிப்போய் ஷூவைக் கழற்றினான். ஆள் போனதும் வெற்றிச்செல்வி மாட்டினாள். பிறகு மாட்ட நேரம் இல்லாதபடி ஆள்கள் வந்தார்கள்.

“ராத்திரி போட்டாப் போதும் செல்வி. பாதம்தான் நேராயிடுச்சே.”

“டாக்டரம்மா அப்படிச் சொல்லலயே.”

“அவங்க எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவாங்க.”

சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போன ஊரில் மூன்று நாளும் ஷூ பைக்குள்ளேயே கிடந்தது. அந்தப் பையின் ஜிப்பை அவள் திறந்தபோதெல்லாம் அவன் மூடினான்.

ஆவணியில் ஒருநாள் குளிப்பாட்டி முடித்து ஷூ மாட்டும்போது வெற்றிச்செல்வி கூப்பிட்டாள். குரலில் ஒன்றுமே இல்லை. அவன் வந்து பார்த்தான். அல்லியின் வலது குதிகால் ஷூவுக்குள் இறங்க மறுத்தது. பெருவிரல் மறுபடி உள்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

அரியலூர் வராந்தாவில் அன்றைக்கு நல்ல கூட்டம். டாக்டரம்மா பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. நேராக வெற்றிச்செல்வியைப் பார்த்தார்.

“ஷூ போட்டியா இல்லயாம்மா?”

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

“உன்னத்தான் கேக்குறேன். குழந்த அழுதுன்னு கழட்டிட்டியா? இல்ல, பாக்க அசிங்கமா இருக்குன்னு கழட்டிட்டியா? எத்தன வாரம் வேல பாத்தோம்! இப்ப மறுபடி முதல்லேருந்து கட்டுப் போடணும். இதுக்கும் நிமிரலன்னா பெரிய ஆபரேசன்தான். பாருங்கம்மா எல்லாரும்! இந்தம்மா மாதிரி யாரும் செஞ்சுடாதீங்க. பெத்தவளே இப்படிப் பண்ணுனா நாங்க என்ன செய்யிறது?”

பெஞ்சிலிருந்த எல்லாத் தாய்மார்களும் திரும்பி வெற்றிச்செல்வியைப் பார்த்தார்கள். அறிவரசன் கதவோரத்தில் பையோடு நின்றான். டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கும்கூட, பிள்ளைக்குக் கேடு என்றால் கேட்க வேண்டிய ஆள் தாய்தான். இதே அநியாயத்தைப் பற்றி அவன் எத்தனை ஊரில் பேசியிருப்பான்! இப்போது சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ‘நான்தான் கழட்டுனேன்’ என்று இரண்டே சொல். வெற்றிச்செல்வி ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள், கட்டுப் போட.

அவன் பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவனாகவே முன்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் சன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள், தொடக் கூடாத எதையோ தொட்டுவிடாமல் நகர்கிற மாதிரி. அல்லியின் கட்டுப் போட்ட கால் மடியில் திறந்தே கிடந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

“முதல் தடவ வந்தப்ப நீங்க சீட்டு வாங்கப் போயிருந்தீங்க. அப்பவே நான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன், இது கிரகணத்தாலயான்னு.”

அவன் நிமிர்ந்தான்.

“சிரிச்சாங்க. எப்ப கிரகணம், அப்ப எத்தன மாசம்னு கேட்டாங்க. சொன்னேன். அதுக்கு முன்னாடியே பாதம் மடங்கித்தான் இருந்திருக்கும்னாங்க. எதுனாலன்னு பெரும்பாலும் தெரியாதாம். யாரு தப்பும் இல்லன்னாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்களுக்கு அது தெரியும்னுல்ல நெனச்சேன். ஊருக்கே சொல்றவரு நீங்க.” அல்லியின் காலை மடியில் சரிசெய்தாள். “அன்னிக்கு வெங்காயம் நறுக்குனப்ப எனக்குப் பயமே இல்லங்க. நீங்க சொன்னத நம்புனேன். நீங்கதான் நம்பல.”

அரியலூர் ரோட்டின் சிமெண்டு லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு எதிரே போயின. அறிவரசன் முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவமானம் என்பதை அவனுடைய அப்பனும் பாட்டனும் பிறர் கையால் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு எதிராகத்தான் அவன் பேசக் கற்றுக்கொண்டான். தன் கையாலேயே தனக்குச் செய்துகொண்ட அவமானத்துக்கு எந்தப் பேச்சும் கைகொடுக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது. பாதி வழியில் அவனுக்கே உறைத்தது, இதையும் மேடைப் பேச்சாகத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறோம் என்று.

அன்றைக்கு டாக்டரம்மா வரவில்லை. விடுப்பு. இளவயது டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“சார், போன வாரம் டாக்டரம்மா எங்க வூட்டுக்காரியத் திட்டுனாங்க. அவ மேல தப்பு இல்ல சார். ஷூவக் கழட்டுனது நான்தான். ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு…”

“சரி சரி, பழசெல்லாம் எதுக்குங்க இப்ப? கால அசையாமப் புடிங்க. முட்டிக்கு மேல. இன்னும் மேல. ஆங்.”

அவன் பிடித்தான். ஈரப் பட்டை சுற்றச் சுற்ற அவன் விரல்களிலும் மாவு அப்பியது. பெஞ்சில் போன வாரத்துத் தாய்மார்கள் ஒருவருமில்லை, ஆர்த்தியைத் தவிர. வெளியே வந்ததும் அவளிடமாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கு வெறியே வந்துவிட்டது.

“தங்கச்சி, போன வாரம் அக்காவத் திட்டுனாங்கல்ல…”

“தெரியும்ணே” என்றாள் ஆர்த்தி, பையனுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே.

“என்ன தெரியும்?”

“ஷூவக் கழட்டுறவ எவளாவது ரெண்டு பஸ்ஸு மாறி வாராவாரம் வருவாளா? அன்னிக்கு நீங்க கதவோரத்துல நின்ன நிலையப் பாத்தாலே தெரியாதா? அங்க இருந்த எல்லாப் பொம்பளைக்கும் தெரியும்ணே. டாக்டரம்மாவுக்குத்தான் தெரியல.” பிறகு அதே கலகலப்போடு, “பூலாம்பாடியில எம் புள்ள காலப் பத்திப் பேசுனீங்களாமே. எங்க வூட்டுக்காரரு போன்ல வந்துச்சுன்னு காட்டுனாரு. நல்லாக் கைதட்டுனாங்க” என்றாள்.

அவள் சிரித்தாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்பு என்று எதையோ வாயெடுத்தான். அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.

மறுபடி கட்டுகள். தசைநாரில் மறுபடி சின்னதாக ஒரு வெட்டு. நல்லவேளை, பாதம் இரண்டாம் முறையும் இறங்கி வந்தது. கார்த்திகை அடைமழையில் ஷூ மறுபடி கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் வெற்றிச்செல்வி பழைய லாரி டயர் ஒன்றைக் கடை வாசலில் படுக்கப் போட்டாள். நடுக்குழியில் மெத்தையை மடித்து வைத்து, அல்லியைக் கம்பி வைத்த ஷூவோடு அதில் கிடத்தினாள். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும்.

“உள்ள சாரல் அடிக்குதா?” என்றான் அறிவரசன்.

“இல்ல” என்றாள் அவள்.

ரோட்டைத் தாண்டிச் செல்லப்பன் டீ கிளாசோடு வந்துகொண்டிருந்தார். அறிவரசனின் கை பழக்கத்தில் ஷூவைக் கழற்றக் குழந்தை பக்கம் போனது. போன கையை இழுத்துக்கொண்டான்.

“என்னடா அறிவு இது? புள்ளைக்கு லாடம் அடிச்சு வச்சிருக்க?”

“வளைபாதம்ணே. பொறந்ததுலேருந்தே.”

“பொறந்ததுலேருந்தேவா? எல்லாம் நல்லாருக்குன்னியே!”

“பொய் சொன்னேண்ணே.”

செல்லப்பன் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் வெற்றி மெல்ல மெல்லப் பரவியது. “நான் அன்னிக்கே சொன்னனா இல்லயா? வெங்காயம்! கேட்டியா நீ?”

அறிவரசனின் தொண்டைக்குள் முழுப் பேச்சும் திரண்டது. மாதக் கணக்கு, இருட்டறை, நிலா, நிழல், எல்லாம். அந்த நேரம் பார்த்து அல்லி எத்தியதில் வலது ஷூவின் நடு வார் நெகிழ்ந்து குதிகால் மேலே எழும்பிவிட்டது.

“பேசுனது போதும். புடிங்க” என்றாள் வெற்றிச்செல்வி.

அவன் மண்டி போட்டு உட்கார்ந்தான். முட்டியை மடக்கி, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி ஷூவின் அடியில் உட்கார வைத்து, வாரை இழுத்து மாட்டினான். காதுமடல் வரைக்கும் சூடாக இருந்தது. செல்லப்பன் தலைக்கு மேலே நின்று பேசிக்கொண்டே இருந்தார். அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்:

“கிரகணத்தால வரலண்ணே. ரெண்டாவது தடவ கட்டுப் போட்டது மட்டும் என்னால வந்தது.”

“அட போடா” என்றார் செல்லப்பன். டீ ஆறிக்கொண்டிருப்பதைக்கூட மறந்து, சேதியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினார்.

சாயந்தரத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தராக வந்து டயருக்குள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள். சிலர் அவனைப் பார்த்து வாய்க்குள் சிரித்தார்கள். எல்லோருக்கும் அவன் அதே பதிலைச் சொன்னான். ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரியே முகம் எரிந்தது. மணிவண்ணனிடமிருந்து போன் வந்தது. அவரிடமும் சொன்னான். “அப்புறம் பேசுறேன் தோழர்” என்று வைத்துவிட்டார்.

கடைசியாக வந்தவள் உண்ணாமலை. மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். தலைச்சன் பிள்ளை வயிற்றில். அவள் அறிவரசனிடம் எதுவும் கேட்கவில்லை. வெற்றிச்செல்விக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் குனிந்தாள்.

“அக்கா, நெசமாச் சொல்லுங்க. அந்த வெங்காயத்தாலதானா?”

பஞ்சர் ஆன டியூபைக் கையில் வைத்திருந்த அறிவரசன் வாய் திறந்தான். வெற்றிச்செல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறதென்று தேடத் தொடங்கினான்.

“இப்பிடி உக்காரு” என்றாள் வெற்றிச்செல்வி உண்ணாமலையிடம். “டாக்டரம்மா எங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு சொல்றேன்.”